ஒரு தாடை எலும்பின் வழக்கு

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், கிள்ளான் மேருவிலிருந்து வந்து கலந்துகொண்ட நேயர் ஒருவரின் உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், உலகில் எந்த உயிர் முதலில் தோன்றியிருந்தாலும் இந்திய மண்ணில் அதற்கு ஒரு சான்று இருக்கும் என்றார். கைதட்டலும் வாங்கினார். ஒரே ஓர் எலும்பை வைத்து அவருக்குப் பதில் சொல்கிறேன்.

டெரோசார்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் அவற்றையும் டைனோசார் என்றே சொல்கிறார்கள். அவை டைனோசார்களின் பங்காளிகள், அவ்வளவுதான். பறவைகளின் மூதாதையும் அல்ல. ஆனால் முதுகெலும்புள்ள உயிர்களில் முதன்முதலாகச் சிறகடித்துப் பறந்தவை அவைதாம். 21 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பறந்தன. கையின் நான்காவது விரல் மட்டும் அளவுக்கு மீறி நீண்டு, அதிலிருந்து உடல்வரை தோல் விரிந்திருந்தது. வௌவாலின் சிறகைப் பல விரல்கள் தாங்குகின்றன. இங்கே ஒற்றை விரல்! பின்னால் வந்த பெரிய இனங்களின் எலும்புக்குள் காற்றறைகள், வெளிச்சுவரோ மிக மெல்லியது. பறப்பதற்கு வசதி, தேடுகிறவனுக்குச் சங்கடம். அமைதியான நீரடிச் சேற்றில் விழுந்து மூடப்பட்டால்தான் ஏதாவது மிஞ்சும்.

அப்படி மிஞ்சியதுதான் இத்தாலியின் பெர்காமோ அருகே கிடைத்து, 1973இல் யூடிமோர்போடான் என்று பெயரிடப்பட்ட பழைய டெரோசார். 6 சென்டிமீட்டர் தாடையில் நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள். சில பற்களுக்கு மூன்று முனை, சிலவற்றுக்கு ஐந்து. வயிற்றுப் பகுதியில் மீன் செதில்கள் இருந்ததால், அது என்ன தின்றது என்று ஊகிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இனி நம் எலும்புக்கு வருவோம். பிராணஹிதா ஆறு கோதாவரியில் கலக்கும் பகுதியில் கோட்டா என்ற பாறை அடுக்கு இருக்கிறது. தாகூரின் பெயரைத் தாங்கிய பராபாசாரஸ் தாகோரி என்னும் பெரிய டைனோசார் கிடைத்தது இந்த அடுக்கில்தான். 1963இலேயே ராவ், ஷா என்ற இருவர் இங்கே டெரோசார் இருந்ததாகக் குறிப்பு எழுதினார்கள். 1974இல் சோகன் லால் ஜெயின், மகாராஷ்டிரத்தின் அன்றைய சாந்தா மாவட்டத்தில் கிடைத்த உடைந்த மேல்தாடை ஒன்றுக்கு கேம்பிலோக்னதாய்டிஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். ஜெர்மனியில் நன்கு அறியப்பட்ட டெரோசாரின் இந்தியத் தம்பி என்பது பொருள். நண்பர் தேடும் சான்று இதுதானே?

ஆனால் 2008இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் பாடியன் அந்த இனம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்தார். இந்தியத் தாடையை டெரோசார் என்று சொல்லப் போதிய அடையாளம் இல்லை, அது மீனாகவும் இருக்கலாம் என்றார். கோட்டாவின் சுண்ணாம்புக்கல் மீன்களுக்குப் பேர்போனது என்பதையும் நினைவில் வையுங்கள். கூரான பல் மீனுக்கும் உண்டு. நான்காவது விரல்தான் மீனுக்கு இல்லை.

“அப்படியானால் நம் பகாங் பல் மட்டும் எப்படிச் செல்லும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2012இல் மலாயாப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்து, 2014இல் அறிவித்த அந்தப் பல்லின் நீளம் வெறும் 23 மில்லிமீட்டர். ஆனாலும் மீன் தின்னும் ஸ்பைனோசார் குடும்பத்துப் பற்களுக்கே உரிய கோடுகள் அதன்மேல் ஓடுகின்றன. துண்டு சிறியதா பெரியதா என்பதல்ல, வேறு எவருக்கும் இல்லாத அடையாளம் அதில் இருக்கிறதா என்பதே கேள்வி. பெயரில் இண்டிகஸ் என்று எழுதிவிட்டால் அந்த அடையாளம் வந்துவிடாது.

டெரோசார்களின் முன்னோர் யார் என்பதும் நெடுநாள் புதிராகவே இருந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, லாகர்பெட்டிட் என்னும் பறக்காத சிறு ஊர்வனவற்றை நெருங்கிய உறவாகக் காட்டியது. மண்டையோட்டைக் கதிர்ப்படம் எடுத்து, உள்காதின் அமைப்பை ஒப்பிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

கோட்டாவில் இன்னும் வேலை இருக்கிறது. மண்ணைச் சல்லடையில் அலசி, எலி அளவு பாலூட்டிகளின் பற்களையே அங்கே பொறுக்கியிருக்கிறார்கள். 1981இல் பெயர் பெற்ற கோட்டாதீரியம் இந்த அடுக்கைச் சேர்ந்ததுதான். அந்தச் சல்லடையில் நீண்ட நான்காவது விரலின் எலும்பு ஒன்று தங்கட்டும் நடுவர் அவர்களே, என் நண்பருக்காக முதலில் கைதட்டுகிறவன் நானாக இருப்பேன்.