ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவுச் சிகிச்சை

தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் சர்க்கரை நோயாளிகளுக்குக் கட்டணமின்றிச் செய்யும் பரிசோதனையும், தரும் மாத்திரைகளும், தொடர் கண்காணிப்பும் இத்தலைப்பில் அடங்கும். இராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் சுற்றியுள்ள கடலோரச் சிற்றூர்கள் பெரிதும் ஆரம்ப சுகாதார நிலையங்களையே நம்பியுள்ளன.

வரலாறு: நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு இந்தியாவில் முதன்முதலாக 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அமைந்தது. அதை நடத்தியவர் டாக்டர் எம். விசுவநாதன். அக்காலத்தில் நீரிழிவு பட்டணத்து வசதி படைத்தோரின் நோயாகவே கருதப்பட்டது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் பரிந்துரைத்து, 1952 முதல் எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் பிரசவம், அம்மை, மலேரியா ஆகியவற்றை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. வாழ்நாள் முழுதும் மாத்திரை தரவேண்டிய நோய்க்கு அன்று அங்கு இடமே இருக்கவில்லை. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் முதலில் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இரத்த அழுத்தச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்தது. அவ்விரண்டும் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதிகளே. 2012 முதல் நீரிழிவும் சேர்ந்து மாநிலமெங்கும் பரவியது. மருந்துகளை 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது.

பயன்: மாத்திரை கிடைக்கவில்லை என்பது இன்று பெரிய குறையல்ல, விட்டுவிட்டுச் சாப்பிடுவதுதான் குறை. தொற்றா நோய்கள் குறித்து 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் சர்க்கரை நோயாளிகளுள் 10.8 விழுக்காட்டினருக்கே நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் அது 16.7 ஆனது. இடையில், 2021 ஆகஸ்டு 5 அன்று, தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரையைப் பார்த்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியிருந்தது. உயர்வுக்கு அத்திட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இவ்விரு அளவுகளை மட்டும் வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. தன்னார்வலர் வீட்டில் பார்க்கும் குளுக்கோமீட்டர் அந்த நேரத்து அளவை மட்டுமே சொல்லும். மூன்று மாதச் சராசரி தெரிய எச்பிஏ1சி சோதனை வேண்டும்.

முஸ்லிம்கள் மிகுந்த கீழக்கரைப் பகுதியில் நோன்பு நோற்கும் ரமலான் மாதத்துக்குத் தனிக் கவனம் தேவை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சஹரில் (விடியலுக்கு முந்தைய உணவு வேளையில்) வழக்கமான அளவில் உண்டு நோன்பிருந்தால் பகலில் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். மெட்ஃபார்மினில் அந்த அபாயம் குறைவு. நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு அளவை மாற்றிக்கொள்வது வழக்கம். மாத்திரையின் முக்கிய வேளை மாலையில் நோன்பு திறந்த பின்னான நேரத்துக்கு மாறும்.

கால் புண், சிறுநீரகக் கோளாறு போன்ற சிக்கல்களுக்கு இராமநாதபுரத்தில் 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது.