கிடாரைக் கொளுத்திய ராத்திரி

ஜிமி ஹென்ட்ரிக்ஸ்னு சொன்னாலே "கிடாரை எரிச்சவன் தானே?"ன்னு தான் கேக்குறாங்க. எனக்கு அதுல ஒரு வருத்தம், அதான் இந்தப் பதிவு.

1967 ஜூன் 18, கலிஃபோர்னியாவில் மான்டரே பாப் விழாவின் கடைசி நாள். லிட்டில் ரிச்சர்டுக்குப் பின்னாடி நின்னு வாசிச்சிட்டிருந்த ஆளு, லண்டன் போய் ஒரே வருஷத்துக்குள்ள அங்கே ஸ்டார் ஆகிட்டார். சொந்த ஊர் அமெரிக்காவில் சீந்துவாரில்லை. 'தி ஹூ' குழுவுக்கும் இவருக்கும் யார் முதல்ல ஏறுறதுன்னு தகராறு. கடைசியில் காசு சுண்டிப் பார்த்தாங்க. ஹூ ஜெயிச்சு முதல்ல வாசிச்சு, கிடாரை உடைச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு மேல இவர் என்னத்த பண்றது?

வாசிச்சார். அதான் மேட்டரே. வலது கைக்காரங்க கிடாரைத் தலைகீழா மாட்டிக்கிட்டு, 'கில்லிங் ஃப்ளோர்'னு பழைய ப்ளூஸ் பாட்டை எடுத்த வேகம் இருக்கே... கல்யாண வீட்டுல மைக் ஸ்பீக்கர் பக்கம் போனா ஊய்ங்ங்னு கத்துமே, அதே ஃபீட்பேக் தான் கிடாரிலும். ஸ்பீக்கர் சத்தம் கம்பியை அதிர வைக்கும், அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும். நாமன்னா ஓடிப்போய் வால்யூமைக் குறைப்போம். மனுஷன் அதையே இழுத்து வளைச்சு இசையாக்கினார்.

கடைசிப் பாட்டு 'வைல்ட் திங்'. மண்டி போட்டு, லைட்டர் திரவத்தை ஊத்தி, பத்த வெச்சு, அடிச்சு நொறுக்கிட்டார்.

அன்னிக்கு மதியம் அதே மேடையில் ரவிசங்கர் சிதார் வாசிச்சிருந்தார். ஹென்ட்ரிக்ஸும் உக்காந்து கேட்டார். வாத்தியத்தை எரிச்சது ரவிசங்கருக்கு தாங்கவே இல்லை, பின்னாளில் பேட்டிகளிலும் சொன்னார். கால் பட்டா புத்தகத்தைக் கண்ணுல ஒத்திக்கிற கூட்டம் நாம, எனக்கும் அந்தக் காட்சி உறுத்தத்தான் செய்யுது.

ஆனா 1968-ல் வந்த 'மான்டரே பாப்' படத்தில் ஹென்ட்ரிக்ஸோட பாட்டு அது ஒண்ணு தான்! கச்சேரி தனிப் படமா வர 1986 ஆச்சு. ஊர் நெருப்பை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டதுல ஆச்சரியமில்லை.

1970-ல் போய்ச் சேர்ந்துட்டார். வயசு 27, கிட்டத்தட்ட என் வயசு (நான் இன்னும் பக் ஃபிக்ஸ் பண்ணிட்டிருக்கேன் :-)). அந்தப் படம் கிடைச்சா, கடைசிப் பாட்டுக்குத் தாவாம முதல் பாட்டுலருந்து பாருங்க.