சிவாஜி 'ஓவர் ஆக்டிங்' பண்ணாரா? சிறந்த நடிப்பு எது, மோசமான நடிப்பு எது... முடிவு செய்வது யார்? முழு விளக்கம்

"நடிப்புன்னா அது சிவாஜியோட முடிஞ்சு போச்சுப்பா."

"அவரு எங்க நடிச்சாரு? கத்துனாரு! நடிப்புன்னா கமல் மாதிரி இருக்கணும்."

தருமபுரி மாவட்டம் பொம்மிடியில் ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடையிலோ சலூனிலோ இப்படி ஒரு பேச்சு கிளம்பினால், சேலம் பக்கம் போகிற ரயில் வந்து ஆட்கள் கலைந்தால்தான் உண்டு. பொம்மிடியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இதே கதைதான். ஒவ்வொரு முறை தேசிய விருதுகள் அறிவிக்கப்படும்போதும் இந்தச் சண்டை புதிதாகப் பற்றிக்கொள்கிறது.

இந்தச் சண்டையில் எல்லோரும் 'நடிப்பு' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் குரலைப் பற்றிப் பேசுகிறார், மூன்றாமவர் படத்தைப் பற்றியே பேசுகிறார். எது எங்கே கலக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

சிவாஜிக்கு தேசிய விருது ஏன் இல்லை?

சண்டை பெரும்பாலும் தொடங்குகிற இடம் இதுதான். சிவாஜி கணேசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை ஒருமுறை கூடப் பெறவில்லை. எம்.ஜி.ஆர் 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்துக்காகப் பெற்றார். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு 50 ஆண்டுகளுக்கும் மேலாக ரசிகர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. தேசிய திரைப்பட விருதுகள் 1954-லேயே தொடங்கிவிட்டாலும், நடிகர், நடிகைகளுக்குத் தனி விருது அப்போது கிடையாது. 1967-ம் ஆண்டு படங்களுக்குத்தான் முதன்முதலாக அது கொடுக்கப்பட்டது. முதல் விருதை வங்க நடிகர் உத்தம்குமார் பெற்றார். 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'பாசமலர்' (1961) வந்தபோது கொடுப்பதற்கு விருதே இல்லை. ஒன்பது வேடங்களில் சிவாஜி நடித்த 'நவராத்திரி' 1964-ல் வெளியானது. அது அவருடைய 100-வது படம். அதாவது, விருது பிறப்பதற்கு முன்பே மனிதர் செஞ்சுரி அடித்துவிட்டார்!

'கட்டபொம்மன்' படத்துக்காக 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க - ஆசிய திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை அவர் வாங்கியது தனிக்கதை.

அதற்காக டெல்லி மீது குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வந்தபோது விருது இருந்தது. அது 'ஆசீர்வாத்' படத்துக்காக அசோக் குமாருக்குப் போனது. 'முதல் மரியாதை' (1985) வந்தபோதும் இருந்தது. சசி கபூருக்குப் போனது. 'தேவர் மகன்' (1992) படத்துக்காக நடுவர் குழுவின் சிறப்பு அங்கீகாரம் அறிவிக்கப்பட, அதை சிவாஜி ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னர் தாதாசாகேப் பால்கே விருது அவரைத் தேடி வந்தது.

'ஓவர் ஆக்டிங்' என்பது உண்மையா?

இன்றைய இளைஞர்கள் கட்டபொம்மனின் வசனக் காட்சியை ரீல்ஸில் பார்த்துவிட்டு "செம ஓவர்" என்கிறார்கள். அவர்கள் காதுக்கு அது ஓவர்தான். ஆனால் அந்த நடிப்பு பிறந்த இடம் கேமரா முன்பு அல்ல. சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் கணேசன். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சிவாஜி வேடம் போட்டுத்தான் அந்தப் பட்டமே பெரியாரிடமிருந்து கிடைத்தது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும், புருவம் தெரிய வேண்டும். குரலும் முகமும் பெரிதாவது அங்கே குறை இல்லை, தொழிலின் தேவை.

பொம்மிடிப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பாடமெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் விடிய விடிய தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். துரியோதனன் வேடக்காரர் கட்டை கட்டி, கிரீடம் வைத்து, திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வரும்போது, "கொஞ்சம் மெதுவா பேசுங்க, இயல்பா இல்லை" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் கூத்தே நின்றுவிடும். கூத்தில் அடங்கிப் பேசுகிறவர்தான் மோசமான நடிகர்.

கேமரா பக்கத்தில் வந்ததும் கணக்கு மாறுகிறது. 'முதல் மரியாதை'யில் அதே சிவாஜி, பாரதிராஜாவின் கேமரா முன்னால் பாதிக் காட்சிகளைப் பார்வையிலேயே முடிக்கிறார். எனவே 'அவருக்கு அடக்கி வாசிக்கத் தெரியாது' என்ற குற்றச்சாட்டு நிற்காது. சில படங்களில் அடக்கியிருக்க வேண்டிய இடத்தில் அடக்கவில்லை என்றால், அது வேறு பேச்சு. அதில் இயக்குநருக்கும் கைதட்டிய ரசிகருக்கும் பங்கு உண்டு.

கமலும் இதிலிருந்து தப்பவில்லை. 'மூன்றாம் பிறை' (1982) கடைசி ரயில் நிலையக் காட்சியில் அவர் குட்டிக்கரணம் போட்டு, விழுந்து, புரண்டு ஸ்ரீதேவியின் கவனத்தை இழுக்கப் பார்ப்பார். கண்ணீர் விட்டவர்களும் உண்டு, "இது ரொம்ப ஓவர்" என்றவர்களும் உண்டு. தேசிய விருது கமலுக்குக் கிடைத்தது. ஸ்ரீதேவிக்குக் கிடைக்கவில்லை; அந்த ஆண்டு 'அர்த்' படத்துக்காக ஷபானா ஆஸ்மி வாங்கினார். "ஸ்ரீதேவி இல்லாம அந்தப் படமே இல்லையே" என்ற வாதத்துக்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

நடித்தது யார், பேசியது யார்?

தமிழ் சினிமாவில் இந்த விவாதத்தைச் சிக்கலாக்குவது டப்பிங். ஒருவர் நடிப்பு நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, வேறு ஒருவருடைய உழைப்பாக இருக்கலாம்.

'ஆடுகளம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனுஷ், மலையாள நடிகர் சலீம் குமாருடன் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். பேட்டைக்காரனாக வந்த ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலனுக்கு சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அந்த மதுரைப் பெரியவரின் குரல் ராதாரவியுடையது. முகமும் உடம்பும் ஜெயபாலன், அதட்டலும் மனக்குமைச்சலும் ராதாரவி. பாராட்டை எப்படிப் பிரிப்பது?

'முதல் மரியாதை' ராதாவுக்குப் பேசியவர் ராதிகா. 'அமராவதி'யில் அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர், அப்போது வாய்ப்பு தேடிக்கொண்டிருந்த விக்ரம். '96' படத்தில் ஜானுவாகத் திரிஷா கலங்கும்போது நம்மைக் கலங்க வைத்ததில் சின்மயிக்கும் பங்கு இருக்கிறது. சிம்ரன், ஜோதிகா நடித்த பல படங்களில் நாம் கேட்டது சவிதா ரெட்டியின் குரல்.

இதில் உச்சம் 'மணிச்சித்ரதாழ்' (1993). ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த மலையாளப் படம். அதில் கங்காவுக்குப் பேசியவர் பாக்யலட்சுமி. தமிழில் சீறும் நாகவல்லிக்கும் அவரே பேசினார் என்றுதான் பல ஆண்டுகள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நாகவல்லிக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர் என்பதை இயக்குநர் ஃபாசில் வெளிப்படையாக எழுதியது 2016-ல். படம் வந்து 23 ஆண்டுகள்! நடனமும் கண்களும் ஷோபனாவுடையவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காட்சியில் உடம்பு சிலிர்த்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு துர்காவின் பெயர் தெரியும்?

இது தலைகீழாகவும் நடக்கும். வெளிமாநிலத்திலிருந்து வந்த நாயகியை "வாயசைப்பே ஒட்டல, நடிக்கத் தெரியல" என்று திட்டுகிறோம். மொழி தெரியாதவரிடம் படப்பிடிப்பில் வசனத்தைச் சொல்லிக் கொடுத்து, அவசரத்தில் டப்பிங் முடித்தவர்களின் குறையும் அவர் தலையிலேயே விழுகிறது.

பெரிய பாத்திரம் என்றால் பெரிய நடிப்பா?

'பிதாமகன்' (2003) ரசிகர்கள் நடுவே ஒரு நிரந்தரப் பஞ்சாயத்து உண்டு. சுடுகாட்டில் வளர்ந்த சித்தனாக, வசனம் என்று சொல்லும்படி எதுவுமே இல்லாமல் நடித்த விக்ரமுக்கு தேசிய விருது கிடைத்தது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்த சூர்யா அதைவிடக் கஷ்டமான வேலையைச் செய்தார் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அழுக்கு, தாடி, உடல் எடை, ஊனம் ஆகியவை இருந்தால் நடிப்பு கண்ணில் படும். சிரித்துப் பேசி, பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்து போனால் "அவங்க அவங்களாவே இருந்தாங்க" என்று சொல்லிக் கடந்துவிடுவோம்.

நித்யா மேனனுக்கு நடந்தது அதுதான். 'திருச்சிற்றம்பலம்' படத்துக்காக, குஜராத்தி நடிகை மானசி பரேக்குடன் அவர் விருதைப் பகிர்ந்துகொண்டபோது, "இதுக்கா விருது? 'கார்கி' சாய் பல்லவிக்கு ஏன் இல்லை?" என்று சமூக வலைதளங்களில் பலர் கேட்டார்கள். 'கார்கி'யில் சாய் பல்லவி கொடுத்தது கனமான நடிப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் லேசான காட்சியை லேசாகவே வைத்திருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள், ஷோபனாவாக நித்யாவுக்குப் பதில் வேறு ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

இன்னொரு முனையில் நல்லாண்டி. 'கடைசி விவசாயி'யில் நடித்த இவர் நிஜத்திலும் விவசாயி, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். படம் வெளியாவதற்கு முன்பே இறந்துவிட்டார். 2023-ல் அறிவிக்கப்பட்ட விருதுகளில் அவருக்கு சிறப்புக் குறிப்பு கிடைத்தது. "அவரு நடிக்கலையே, வாழ்ந்தாரு" என்பது இங்கே பாராட்டு. அதே வாசகம் தொழில்முறை நடிகை மீது விழும்போது குறையாகிவிடுகிறது. கேமரா முன்னால் கேமராவை மறந்து நிற்பதும் நடிப்புதான் என்று நல்லாண்டிக்கு ஒப்புக்கொள்கிறவர்கள், நித்யாவுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

நடுவர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்ணப்பிக்கப்பட்ட படங்கள் மட்டுமே போட்டியில் இருக்கும். நடுவர்கள் நாட்டின் எல்லாப் படங்களையும் பார்ப்பதில்லை. தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டுதான் கணக்கு, திரைக்கு வந்த ஆண்டு அல்ல. அதனால்தான் 2022-ல் வெளியான 'கடைசி விவசாயி' 2021-ம் ஆண்டு பட்டியலில் வந்தது. மண்டலக் குழுக்கள் முதலில் வடிகட்டி அனுப்ப, மத்தியக் குழு இறுதி முடிவை எடுக்கும். குழு ஆண்டுதோறும் மாறுவதால், போன ஆண்டின் அளவுகோல் இந்த ஆண்டும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த 2021 பட்டியலில் 'ஜெய் பீம்' படத்துக்கு ஒரு விருதுகூட இல்லை என்பது தெலுங்கு நடிகர் நானி வரை பலரையும் வருந்த வைத்தது.

யார் நாயகி, யார் துணை நடிகை என்பதும் குழுவின் கையில்தான். 2025 ஆகஸ்ட் 1-ல் அறிவிக்கப்பட்ட விருதுகளில், 'உள்ளொழுக்கு' படத்தைப் பார்வதியுடன் சேர்ந்து சுமந்த ஊர்வசிக்கு துணை நடிகை விருது கிடைத்தது. எந்த அடிப்படையில் இது துணைப் பாத்திரம் என்று அவர் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். நியாயமான கேள்வி. 'பார்க்கிங்' படத்தில் ஹரிஷ் கல்யாணுக்குச் சமமாக மல்லுக்கட்டிய எம்.எஸ்.பாஸ்கருக்கும் துணை நடிகர் விருதுதான். அதே ஆண்டு 'ஜவான்' படத்துக்காக ஷாருக்கான் முதல்முறையாக சிறந்த நடிகரானது, விருது நடிப்புக்கா, இத்தனை ஆண்டு நட்சத்திர வாழ்வுக்கா என்ற பழைய கேள்வியைக் கிளப்பியது.

'மோசமான நடிப்பு'க்கும் விருது உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1981 முதல் 'ராஸி' என்ற பெயரில் ஆண்டின் மோசமான படங்களையும் நடிப்பையும் கிண்டலாக அறிவிக்கிறார்கள். ஹாலே பெர்ரி 2005-ல் தன் ஆஸ்கர் சிலையைக் கையில் பிடித்தபடியே மேடையேறி 'கேட்வுமன்' படத்துக்கான ராஸியை வாங்கிக்கொண்டார். சாண்ட்ரா புல்லக் 2010-ல் ஒரே வார இறுதியில் ராஸியும் ஆஸ்கரும் வாங்கினார். ஒரே ஆள், ஒரே ஆண்டு, இரண்டு படங்கள். மோசமான நடிப்பு என்பது மோசமான நடிகர் என்பதல்ல என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் கிண்டல் எல்லை தாண்டியதும் நடந்திருக்கிறது. 2021-ல் வெளியான ப்ரூஸ் வில்லிஸ் படங்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கி அவரைக் கலாய்த்தது ராஸி. மனிதர் ஏன் இப்படி உயிரில்லாமல் வசனம் பேசுகிறார் என்பதுதான் கேலி. 2022 மார்ச் மாதக் கடைசியில் அவர் குடும்பம் காரணத்தைச் சொன்னது: பேச்சையும் மொழியையும் பாதிக்கும் அஃபேசியா என்ற நோய். அந்த விருதை ராஸி குழு திரும்பப் பெற்றது. அதோடு 'தி ஷைனிங்' படத்துக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் ஷெல்லி டுவாலுக்குக் கொடுத்த பரிந்துரையையும் ரத்து செய்தது. படப்பிடிப்பில் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அவரை நடத்திய விதம் அவருடைய நடிப்பைப் பாதித்தது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அடுத்த ஆண்டே இன்னொரு சிக்கல். 'ஃபயர்ஸ்டார்ட்டர்' படத்தில் நடித்த ரயன் கீரா ஆம்ஸ்ட்ராங்கை மோசமான நடிகை பிரிவில் பரிந்துரைத்தார்கள். அவருக்கு வயது 12. எதிர்ப்பு கிளம்பியதும் பெயர் நீக்கப்பட்டது, மன்னிப்பு கேட்கப்பட்டது, இனி 18 வயதுக்குக் கீழே உள்ள யாரையும் பரிந்துரைக்கக் கூடாது என்று விதி கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டின் 'மோசமான நடிகை' விருதை ராஸி அமைப்பு தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது.