பாலைவன வண்டலில் பண்டைய மனிதரின் தடம்

ஆம்பூரில் பாலாற்றைக் கடக்கும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் வறண்ட மணலைத்தான் பார்க்கிறோம். ஆனால் அதன் அடியில், வெள்ளம் ஓடிய காலத்து வண்டல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. பாலைவனங்களிலும் இப்படித்தான். எழுத்தும் கட்டடமும் இல்லாத காலத்து மனிதரை அறிய, ஆய்வாளர்கள் அந்த வண்டலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

எதைத் தேடுகிறார்கள்?

மகரந்தத் தூளின் மேலுறை கெட்டியானது. ஏரிச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் இருக்கும். புல், தானியப் பயிர்களின் செல்களில் படியும் சிலிக்கா, செடி மக்கிய பின்னும் மிஞ்சும். கரித்துகள் தீ எரிந்ததைச் சொல்லும். டயாட்டம் எனும் நுண்பாசியின் ஓடு, நீர் நன்னீரா உப்புநீரா என்று காட்டும்.

மணலுக்கும் நினைவு உண்டு. வெயில் படாமல் புதைந்த குவார்ட்ஸ் துகள், சுற்றியுள்ள கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமித்துக்கொண்டே போகும். ஆய்வகத்தில் அதன்மேல் ஒளி பாய்ச்சினால் அது மின்னும். அந்த மின்னலை அளந்து, புதைந்து எத்தனை காலமாயிற்று என்று கணக்கிடுகிறார்கள். அதனால்தான் மாதிரியை வெளிச்சம் புகாத குழாயில் எடுக்கிறார்கள்.

தார் பாலைவனம் சொன்னது

ராஜஸ்தானின் உப்பேரிப் படிவுகளை ஆராய்ந்த குர்தீப் சிங், 1970களில் தானிய வகை மகரந்தத்தையும் கரித்துகளையும் சுட்டிக்காட்டினார். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் புதர்களை எரித்துப் பயிரிட்டிருக்கலாம் என்றார். ஆனால் காட்டுப்புல் மகரந்தமும் அதே சாயலில் இருக்கும். தீ தானாகவும் பற்றும். எனவே இதை எல்லோரும் ஏற்கவில்லை. நல்ல மழைக் காலத்தில்தான் சிந்துவெளி நாகரிகம் செழித்தது என்ற அவரது கருத்துக்கும் மறுப்பு வந்தது. லுங்கரன்சர் ஏரி அந்நகரங்கள் தழைப்பதற்கு முன்பே வற்றிவிட்டதாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது.

பிகானீர் அருகே நால் என்னுமிடத்தில் சுமார் 1,72,000 ஆண்டுகளுக்கு முன் ஆறு ஓடியதை, மணல்துகளின் வயதைக் கொண்டு கண்டறிந்தார்கள். 2020இல் வெளிவந்த இந்த ஆய்வில் நம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. அதே ஆண்டில், சவூதி அரேபியாவின் நஃபூத் பாலைவனத்துப் பழைய ஏரிப் படுகையில் சுமார் 1,20,000 ஆண்டுப் பழைமையான மனிதக் காலடிகள் கிடைத்த செய்தியும் வெளியானது. யானை, ஒட்டகத்தின் தடங்களும் உடன் இருந்தன. இன்றைய பாலை, அன்று மனிதர் தண்ணீர் தேடி வந்த வழி.

நாம் செய்ய வேண்டியது

இந்தச் சான்றுகளுக்கு மதிப்பு, அவை இருந்த அடுக்கில்தான். தோண்டிக் கலைத்த மண்ணை யாராலும் பழையபடி அடுக்க முடியாது. ஆற்றோரத்திலோ நிலத்திலோ பழைய பானை ஓடோ கல்லாயுதமோ கண்ணில் பட்டால், எடுத்து வராமல் இருந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுப்போம்.