மடுவன்வெல வளவ்வ

இரத்தினபுரி மாவட்டத்தில், எம்பிலிப்பிட்டியவிலிருந்து சூரியகந்தைக்குப் போகும் வழியில், கொலொன்னப் பகுதியில் உள்ள பழைய பிரபுக் குடும்பத்து மாளிகை (சிங்களத்தில் ‘வளவ்வ’). 1700ஆம் ஆண்டளவில் மடுவன்வெல மகா மொஹொட்டால என்னும் கண்டிய அரச அலுவலர் இதைக் கட்டத் தொடங்கினார். அவர் வழிவந்தோர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக விட்டு விட்டுக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். உச்ச நிலையில் இங்கே 121 அறைகளும் 21 உள்முற்றங்களும் இருந்தன. இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு பகுதிதான்.

பார்க்க வருகிறவர்களுக்கு 121 என்ற எண்தான் முதலில் சொல்லப்படுகிறது. ஆனால் வீட்டைப் புரிந்துகொள்ள 21 போதும். ஒரு முற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு அறை என்று கணக்கு வருகிறது. அதாவது, இது ஒரே திட்டத்தில் எழுந்த அரண்மனை அல்ல. சிறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த தொடர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை அலகு புதிதாக இராது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். சிங்களத்தில் அந்த முற்றத்தை ‘மெத மிதுல’ என்பார்கள். வெளிச்சுவரில் பெரிய சாளரம் வைக்காமலே அறைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். தாழ இறங்கும் கூரை வெயிலையும் சாரலையும் தடுக்கும். வெயில் கடுமையான எம்பிலிப்பிட்டியப் பக்கத்துக்கு இது ஏற்ற அமைப்பு. குடும்பம் பெருகினாலோ பதவி உயர்ந்தாலோ இன்னொரு முற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பழையதை இடிக்க வேண்டியதில்லை.

கண்டி இராச்சியத்தில் யார் எப்படி வீடு கட்டலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், சாதாரண மக்கள் ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ மாடி எழுப்பவோ அனுமதியில்லை என்று எழுதினார். அந்த நிலையில் வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையும் தூரத்திலிருந்தே பதவியைச் சொல்லிவிடும். 1815இல் இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபின் தடை போனது. வளவ்வவின் மதிப்புப் போகவில்லை. புதிய ஆட்சியும் உள்ளூர்ப் பிரபுக்களைக் கொண்டே கிராமங்களை நிர்வகித்தது.

மடுவன்வெல வளவ்வ பெரிதாக விரிந்தது இந்தக் காலத்தில்தான். விரித்தவர் ‘கறுப்பு இளவரசர்’ என்று பெயரெடுத்த, மகா திசாவை என்ற பட்டம் பெற்ற ஜேம்ஸ் வில்லியம் மடுவன்வெல (1844–1930). குடும்பத்துக்கு 80,000 ஏக்கர் நிலம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் காலத்தில் வளவ்வ வசிப்பிடம் மட்டுமல்ல, வழக்கு விசாரிக்கும் மன்றமும் அதற்குள்ளேயே நடந்தது. உடைந்த பீங்கான் துண்டுகளைப் பதித்த தரை இன்றும் கண்ணில் படும்: கண்டிய முறையில் அமைந்த வீட்டுக்குள் கடல் கடந்து வந்த சரக்கு. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த நாணயத்தையும் திசாவை மிதிபடட்டும் என்று தரையில் பதித்தார் என்பது ஊர்க்கதை. உள்ளே வருபவர் யாரானாலும் குனிந்தே வரவேண்டும் என்பதற்காக வாசலைத் தாழ வைத்தார் என்றும் சொல்வார்கள். பழைய வீடுகளில் தாழ்வான வாசல் பொதுவாகவே உண்டு. ஆகவே இக்கதைகள் கட்டடத்தைப் பற்றிச் சொல்வதைவிட, திசாவையை ஊர் எப்படிப் பார்த்தது என்பதைத்தான் அதிகம் சொல்கின்றன.

இரத்தினபுரி அடங்கிய இதே சப்ரகமுவ மாகாணத்தில் அதே காலத்தில் இன்னொரு வகைக் கட்டடமும் பெருகியது. தேயிலை, றப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் ஒரு குடும்பம். இரட்டை லயனில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் காற்றும் வெளிச்சமும் ஒரு பக்கத்திலிருந்துதான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத் தமிழர்கள் வளவ்வவின் ஒரு முற்றத்தில் நின்றால், அங்குள்ள வெற்றிடத்தில் எத்தனை குடும்பம் தங்கியிருக்கும் என்ற கணக்கு மனதில் ஓடாமல் இராது. மாகாணத்தின் கட்டடக் கலை வரலாற்றை வளவ்வவை மட்டும் வைத்து எழுதுவது அரை வரலாறுதான்.

முற்றம் வைத்த வீட்டை நவீன கட்டடக் கலைக்குள் மீண்டும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கொழும்பில் எனா டி சில்வாவுக்காக அவர் 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு நடுமுற்றத்தைச் சுற்றியே அமைந்தது. நகரத்தில் அந்த வடிவம் இப்படிப் புதுவாழ்வு பெற்ற காலத்தில் கிராமத்து வளவ்வக்கள் தேய்ந்துகொண்டிருந்தன. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர், வயலுக்கு 25 ஏக்கர் என உச்சவரம்பு வைத்தது. நில வருமானத்தில் நின்ற வீடுகளுக்கு அது பெரிய அடி.

அடி முதலில் விழுவது கூரையில். நாற்புறமும் அடைபட்ட ஒவ்வொரு முற்றத்துக்கும் கூரைச் சரிவுகள் சந்திக்கும் நான்கு மூலைகள் உண்டு. இரு சரிவுகளின் மழைநீரும் அந்தக் கூடல்வாயில் சேர்ந்து இறங்கும். ஓர் ஓடு நகர்ந்தாலும் கீழே உத்திரம் உளுத்துவிடும். 21 முற்றத்துக்கும் அப்படிப் பார்த்தால் 84 மூலைகள். மழைக்கு முன் அத்தனையிலும் ஆள் ஏறி ஓடு மாற்ற வேண்டும். பணியாட்கள் இருந்தவரை அது நடந்தது. பிறகு தொல்பொருளியல் திணைக்களம் வளவ்வவைப் பொறுப்பேற்றது. எஞ்சிய பகுதி இப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.