நெளிவரிச் சீருடைக்காரர்

உன்னிச்சைக் குளக்கட்டில் நின்றால் கடல் தெரியாது. கிழக்கே வயல் வட்டைகள், அவற்றுக்கு அப்பால் மட்டக்களப்பு வாவி, வாவியைத் தாண்டி எழுவான்கரை, அதற்கும் பிறகுதான் வங்கக் கடல். வாவிக்கு மேற்கேயுள்ள இந்தப் படுவான்கரையில் பொறியியலாளர் என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்காரர்தான். போகம் தொடங்குமுன் கூட்டம் வைத்து, மதகு எந்தத் திகதியில் திறக்கும், எந்தக் கண்டத்துக்கு எப்போது தண்ணீர் போகும் என்று வட்டைவிதானைமாரோடும் விவசாயிகளோடும் பேசி முடிப்பவர். மார்கழி மழை கொட்டும்போது வான்கதவை எவ்வளவு தூக்குவது என்று கணக்குப் பார்ப்பவர். இப்படிக் கரையிலே தொழில் பழகிய ஒருவரைக் கடற்படைக்குள் கொண்டுபோனால் என்ன பயன்? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் அதைச் செய்தே பார்த்தன. இலங்கையும் அதில் சேர்த்தி.

அந்த நாளில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் சட்டைக் கையிலிருந்த வரியைப் பார்த்தே அவர் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லிவிட முடிந்தது. முழுநேரப் படையினருக்கு நேர்வரி. வணிகக் கப்பல்களிலிருந்து வந்த ரிசர்வ் அதிகாரிக்குப் பின்னல் வரி. சட்டத்தரணி, வங்கிக்காரர், ஆசிரியர், தொழிற்சாலைப் பொறியியலாளர் என்று கரையிலிருந்து வந்த தொண்டர் ரிசர்வுக்கு நெளிநெளியான வரி. பொறியியல் பிரிவாக இருந்தால் வரிகளுக்கு நடுவே ஊதாத் துணியும் இருந்தது. நேர்வரிக்காரர்கள் இவர்களை 'நெளிவரிக் கடற்படை' என்று கேலி பேசினார்கள். ஆனால் போர் முற்றியபோது கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிகள், காவற்படகுகள் போன்ற சிறு கப்பல்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் இந்த நெளிவரிக்காரர்களே.

இலங்கையின் தொண்டர் படை சிறியது. 1937ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், 1938 ஜனவரியில், கமாண்டர் டபிள்யூ. ஜி. போஷாம்பின் தலைமையில் அது உருவானது. பெயர் இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை. 1939இல் போர் மூண்டபோது அதனிடம் சொந்தமாகப் போர்க்கப்பல் எதுவும் இல்லை. கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவின் சாம்சன், கோலியாத் என்ற இரண்டு இழுவைக் கப்பல்களில் கண்ணி வாரும் கருவிகளை ஏற்றி, தொண்டர்களையே மாலுமிகளாக்கி அனுப்பினார்கள். பிறகு மீன்பிடி டிராலர்களும் தென்துருவக் கடலில் திமிங்கிலம் வேட்டையாடிய கப்பல்களும் வந்து சேர்ந்தன. ஒகாபி, செம்லா, சாம்பூர், ஹொக்ஸா, பால்ட்டா ஆகியவை அவற்றில் சில. இலங்கை அரசு முதன்முதலாக விலைகொடுத்து வாங்கியது ஓவர்டேல் வைக் என்ற கப்பல்.

இவற்றில் ஓடியவை கொதிகலனும் வின்ச்சும் டைனமோவும்தான். துறைமுகப் பட்டறையிலோ தேயிலைத் தொழிற்சாலையிலோ இயந்திரம் பார்த்தவருக்கு இவற்றில் எதுவும் புதிதில்லை. புதிதாக வந்தது அலையும் குண்டும் மட்டுமே.

குண்டு மட்டக்களப்புக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய தளபதி நாகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிகள், ஏப்ரல் 9 அன்று திருகோணமலைக்கு வந்தன. எச்சரிக்கை கிடைத்து முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியிருந்த பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மிஸ், திரும்பும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் கண்ணில் பட்டுவிட்டது. விமானந்தாங்கிதான், ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. சில நிமிடங்களில் அது மூழ்கியது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும் அதே நாளில் போயின. நீரில் தத்தளித்த சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

நெளிவரிப் பொறியியலாளர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கனடாக்காரர் சார்ல்ஸ் குடீவ் நல்ல சான்று. 1904இல் மனிட்டோபா மாகாணத்தின் நீபாவா என்ற சிற்றூரில் பிறந்தவர். வேதியியலும் மின்பொறியியலும் படித்தார். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் வின்னிபெக் நகரில்தான் கடற்படைத் தொண்டர் ரிசர்வில் சேர்ந்தார். லண்டனில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தபோதும் அந்தப் பயிற்சியை விடவில்லை.

1939 இலையுதிர் காலத்தில் ஜேர்மனி காந்தக் கண்ணிகளைக் கடலடியில் போட்டது. இரும்புக் கப்பல் மேலே வரும்போது காந்தப்புலம் மாறும், கண்ணி வெடிக்கும். கம்பியால் அறுத்து மிதக்கவிடும் பழைய முறை இங்கே செல்லாது. குடீவும் கூட்டாளிகளும் வேறு வழி கண்டார்கள். இரண்டு கப்பல்கள் பக்கத்துப் பக்கமாகப் போகும். ஒவ்வொன்றும் நீளமும் குட்டையுமாக இரண்டு மிதவைக் கேபிள்களை இழுத்துச் செல்லும். இரு கப்பல்களும் ஒரே நொடியில் மின்சாரத்தைப் பாய்ச்சினால், உப்புநீர் வழியாகச் சுற்று முழுமையாகும். அந்தக் காந்தப்புலத்தில் கண்ணி கப்பல்களுக்குப் பின்னால், ஆபத்தில்லாத தூரத்தில் வெடித்துப்போகும். இதன் சோதனைகளில் ஒன்று போர்ட்ஸ்மவுத்தை அடுத்த சவுத்சீயில், பிள்ளைகள் படகு விடும் கேனோ லேக் குளத்தில் நடந்தது. உப்பு கலந்த மட்டக்களப்பு வாவியிலும் இது வேலை செய்யக்கூடும். உன்னிச்சைக் குளத்து நன்னீரில் செய்யாது, மின்சாரம் போதிய அளவு பாயாது. போர் முடிந்ததும் சர் பட்டம் பெற்ற குடீவ், பிரிட்டிஷ் இரும்பு உருக்கு ஆய்வுச் சங்கத்துக்குத் தலைமை தாங்கக் கரைக்குத் திரும்பினார்.

கரையில் இருந்த பொறியியலாளருக்கும் போர்க்காலத்தில் ஓய்வில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும், இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீட்டு அரிசிக்கு வரிசை நின்ற நாட்டில் மட்டக்களப்பு நெல்லுக்குத் தனி மதிப்பு வந்தது. குளக்கட்டு உடையாமல், வாய்க்கால் தூராமல் பார்ப்பதும் அந்த நாளில் போர் வேலைதான். கரை வேலையும் போர் வேலையே என்ற இதே காரணத்துக்காகவே பிரிட்டனில் பல பொறியியலாளர்களைச் சீருடை அணியவிடாமல் தொழிலிலேயே நிறுத்திவைத்தது அரசு.

இலங்கைத் தொண்டர்கள் 1943இல் பிரிட்டிஷ் அரச கடற்படையின் கீழ் இலங்கை அரச கடற்படைத் தொண்டர் ரிசர்வ் ஆனார்கள். இத்தாலி சரணடைந்தபோது எரித்ரேயா என்ற அதன் கப்பலைப் பொறுப்பேற்று, தங்கள் ஆட்களை ஏற்றித் துறைமுகத்துக்கு அழைத்துவந்தார்கள். பர்மாப் போர்முனை திறந்ததும் அவர்களின் இரண்டு கப்பல்கள் அக்யாப் துறைமுக வேலைக்குப் போயின.

1950 டிசம்பர் 9 அன்று அரச இலங்கைக் கடற்படை பிறந்தபோது, அதன் கரு இந்தத் தொண்டர்களில் எஞ்சிய நூறு பேர் அளவுதான். முதல் கப்பலான விஜயவும் பிரிட்டனில் ஃபிளையிங் ஃபிஷ் என்ற பெயரில் ஓடிய கண்ணிவாரியே. 1955இல் ரொய்ஸ் டி மெல் இலங்கையரான முதல் கடற்படைத் தளபதியானார். அவருக்குப் பின் 1960 முதல் 1970 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் தமிழரான ராஜன் கதிர்காமர். தொண்டர் பிரிவும் கலைந்துபோகவில்லை. 1951இல் தனிப் படையாக மறுபடி அமைக்கப்பட்டு, இன்று இலங்கைத் தொண்டர் கடற்படை என்ற பெயரில் இயங்குகிறது.