வழக்கறிஞரின் வாயும் அவரது அலமாரியும்

போலி ஆவணம் புனைந்ததைத் தம் வழக்கறிஞரிடம் ஒப்புக்கொண்டு, தமக்காக வாதாடும்படி ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் போலிப் பத்திரம் ஒன்றை நீட்டி, அதைக் கொண்டு ஒரு சொத்தைக் கைப்பற்ற வழக்குப் போடச் சொல்கிறார். முன்னவர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடக் கூடாது. பின்னவர் சொன்னதற்கு அந்தக் காப்பு கிடையாது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த இந்த எடுத்துக்காட்டுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவிலும் தொடர்கின்றன. மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. கையாடல் வழக்கை ஏற்ற வழக்கறிஞர், தாம் வழக்கை ஏற்ற நாளில் கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதிவு பிறகு முளைத்திருப்பதைக் காண்கிறார். கையாடியதாகச் சொல்லப்படும் தொகையைக் கட்சிக்காரர் பெயரிலேயே பற்று எழுதியிருக்கிறார்கள். வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட பிறகு நடந்த மோசடி என்பதால் அதற்குக் காப்பில்லை. நடந்து முடிந்த குற்றத்துக்கு எதிர்வாதம் தேடுவது ஒன்று, நடக்கவிருக்கும் குற்றத்துக்கு வழக்கறிஞரைக் கருவியாக்குவது வேறு. பழைய சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இந்தக் கோட்டை இழுத்த தெளிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தெளிவு ஒரு கேள்விக்கு மட்டுமே உரியது: வழக்கறிஞர் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது? கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிட ‘அனுமதிக்கப்பட மாட்டார்’ என்றுதான் பிரிவு தொடங்குகிறது. தடை விழுவது ஆள்மீது. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தியின்மீது அன்று. சாட்சிக் கூண்டில் நிற்கும் வக்கீலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. இன்று கட்சிக்காரரின் இரகசியம் கசிவது பெரும்பாலும் அந்தக் கூண்டில் அன்று. காவல் நிலையத்தில், கைப்பற்றப்பட்ட கைப்பேசியில், ஆவணம் கேட்டு வரும் அழைப்பாணையில். 2025-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலின் பாதியைத் தீர்த்தது. மறுபாதி அப்படியே நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரலாறு சுருக்கமானது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர் பங்குத் திட்டம் பற்றிய சட்டக் கருத்து தொடர்பாக மூத்த வழக்கறிஞர்கள் அரவிந்த் தாத்தார், பிரதாப் வேணுகோபால் ஆகியோருக்கு 2025 ஜூனில் அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்தன. சம்மன்கள் திரும்பப் பெறப்பட்டன. 132-ஆம் பிரிவை மீறி வழக்கறிஞர்களை அழைக்கக் கூடாது, விதிவிலக்கு இருப்பின் இயக்குநரின் முன் ஒப்புதல் வேண்டும் என அத்துறையே சுற்றறிக்கை விட்டது. அதே காலத்தில் அகமதாபாதில், கடன் தகராறு ஒன்றில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பிணை வாங்கித் தந்த வழக்கறிஞரைக் காவல்துறை விசாரணைக்கு அழைத்தது. அதை ரத்து செய்யக் குஜராத் உயர் நீதிமன்றம் மறுத்தது. பெயர்பெற்ற இருவருக்குச் சுற்றறிக்கையோடு முடிந்த விவகாரம், இந்த வழக்கறிஞரின் மேல்முறையீட்டால்தான் சட்டக் கேள்வியாக உருவெடுத்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா அமர்வு 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. வழக்கின் விவரம் அறிவதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரை விசாரணை அதிகாரி அழைக்கக் கூடாது. விதிவிலக்கின் கீழ் அழைப்பதானால், அந்த விதிவிலக்குக்கு ஆதாரமான உண்மைகள் சம்மனிலேயே குறிப்பிடப்பட வேண்டும். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரி எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வழக்கறிஞரோ கட்சிக்காரரோ அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். கட்சிக்காரருக்கும் அந்த உரிமை உண்டு என்றது முக்கியமானது. மறைகாப்பு வழக்கறிஞருக்குத் தரப்பட்ட மரியாதை அன்று. அது கட்சிக்காரரின் உடைமை.

இடறல் இதன் பிறகு வருகிறது. வழக்கறிஞரிடம் உள்ள ஆவணங்களை ஒப்படைப்பதற்கு 132-ஆம் பிரிவின் காப்பு பொருந்தாது என்றது அமர்வு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின் கீழ் ஆவணம் கேட்கப்பட்டால் அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். எதிர்ப்பு இருந்தால் நீதிமன்றம் முடிவு செய்யும். கணினி, கைப்பேசி போன்ற கருவிகளுக்குக் கூடுதல் கவனம் காட்டப்பட்டது: கட்சிக்காரருக்கு அறிவிப்பு தந்து, அவரும் வழக்கறிஞரும் அவர்கள் தேர்ந்த வல்லுநரும் உடனிருக்கத் திறக்க வேண்டும், மற்றக் கட்சிக்காரர்களின் இரகசியம் குலையக் கூடாது. நடைமுறை நல்லதுதான். ஆனால் அது நிற்கும் அடித்தளம்?

132-ஆம் பிரிவு, தொழில்வழியில் தாம் அறிந்த ஆவணத்தின் உள்ளடக்கத்தையோ நிலையையோ வழக்கறிஞர் கூறுவதையும் தடுக்கிறது. ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லக் கூடாது, ஆனால் காகிதத்தையே கொடுத்துவிடலாம் என்றால் அந்தத் தடைக்கு என்ன பொருள்? வழக்குக்கு முன்பே இருந்த கிரயப் பத்திரம், கணக்குப் புத்தகம், வங்கி அறிக்கை போன்றவை வக்கீலின் அலமாரிக்குள் போனதால் மட்டும் புனிதமாகிவிடா, இதை ஏற்கலாம். கட்சிக்காரர் நடந்ததை எழுதித் தந்த குறிப்பும், வழக்கறிஞர் எழுதிய சட்டக் கருத்தும், எதிர்வாத வரைவும் வேறு இனம். அவை எழுத்தில் அமைந்த உரையாடல்கள். தீர்ப்பு இவ்விரண்டையும் ‘ஆவணம்’ என்ற ஒரே கட்டில் கட்டிவிட்டது.

முதல் இனத்திலும்கூட ஒரு முரண் உண்டு. ஏ.ஐ.ஆர். 1965 தொகுப்பில் இடம்பெற்ற ஷியாம்லால் மோகன்லால் சோக்சி வழக்கில், ஆவணம் ஒப்படைக்கக் கட்டளையிடும் அன்றைய பிரிவு குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். தமக்கு எதிரான சாட்சியாகுமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 20(3) கூறு அதற்குப் பின்னணி. அப்படியானால் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கும் வரை கட்டளையிட்டுக் கேட்க முடியாத காகிதத்தை, ஆலோசனைக்காக வழக்கறிஞரிடம் கொடுத்த மறுநாள் கேட்டு வாங்கலாம். சட்ட உதவியை நாடியதாலேயே ஒருவர் முன்னிலும் பலவீனமான நிலைக்கு வருகிறார். 22(1) கூறு தரும் வழக்கறிஞர் உரிமையை 20(3)-ஐ விட்டுக்கொடுத்துத்தான் பெற வேண்டும் என்று அரசமைப்பை எழுதியவர்கள் கருதியிருக்க முடியாது. 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிமன்றம் இவ்விரண்டையும் சேர்த்தே படித்தது.

ஆள்மீதான தடை எவ்வளவு எளிதாகத் தாண்டப்படும் என்பதற்கு, கணவன் மனைவி உரையாடலைக் காக்கும் அண்டைப் பிரிவே சான்று. எம்.சி. வர்கீஸ் எதிர் டி.ஜே. பொன்னன் வழக்கில், மனைவிக்குக் கணவர் எழுதிய கடிதங்கள் மாமனார் கைக்குப் போயின. அவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். மனைவி கூண்டேறிச் சொல்லத்தான் தடை, கடிதங்களை வேறு வழியில் மெய்ப்பிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இதே தருக்கத்தை வழக்கறிஞர் கடிதத்துக்கும் நீட்டினால் தடுக்க ஒன்றுமில்லை. பூரண்மல் வழக்கு (1974) முதல், சட்டத்துக்குப் புறம்பாகக் கைப்பற்றிய பொருளும் தொடர்புடையதாயின் சாட்சியமாகும் என்பதே நம் நிலைப்பாடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு முறைகேடான சோதனைக்குக் கிடைக்கும் பரிசு கட்சிக்காரரின் முழு எதிர்வாதமே.

இங்கிலாந்து இதே குழியில் விழுந்து எழுந்தது. கால்கிராஃப்ட் எதிர் கெஸ்ட் (1898) வழக்கில், காப்புள்ள ஆவணத்தின் நகல் எப்படியோ எதிர்த்தரப்புக்குக் கிடைத்துவிட்டால் அது ஏற்கப்படும் என்றார்கள். பதினைந்து ஆண்டுகளில், ஆஷ்பர்ட்டன் பிரபு எதிர் பேப் வழக்கில், வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் தந்திரமாக வாங்கிய கடிதங்களைப் பயன்படுத்தவே கூடாது என்று தடையாணை வந்தது. குமாஸ்தாக்களை நம் சட்டம் மறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, வழக்கறிஞரின் பணியாளர் ஆகியோரையும் 132 கட்டுகிறது. ஆனால் நம் நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு செய்து தரும் டிடிபி கடைக்காரர் யாருடைய பணியாளர்? கட்சிக்காரரின் வாக்குமூலக் குறிப்பு அவர் கணினியில் பல மாதம் கிடக்கும். ஆள்மீதான தடை அவரைத் தொடாது. செய்தியின்மீது தடை இருந்தால் அவர் யாருடைய பணியாளர் என்ற கேள்விக்கே இடமில்லை.

சட்டமியற்றியவர்களின் கவனம் எங்கே இருந்தது என்பதை 94-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு காட்டிக்கொடுக்கிறது. ஆவணம் கேட்கும் அதிகாரம், அரசின் இரகசியங்களைக் காக்கும் சாட்சியச் சட்டப் பிரிவுகளைப் பாதிக்காது என்கிறது. வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டத்தையும் பாதிக்காது. வழக்கறிஞர் கட்சிக்காரர் தொடர்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவிலும் இதே மௌனம். மின்னணுக் கருவிகளைச் சேர்க்க நேரம் கிடைத்தவர்களுக்கு இதைச் சேர்க்கத் தோன்றவில்லை.

விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் அல்ல என்று சொல்லும் சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவும், அந்தச் சந்திப்பைக் காவலர் காது கேட்காத தொலைவில் நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 61-ஆவது, சிறை ஊழியர் பார்வைக்குள் இருக்கலாம், செவிக்குள் கூடாது என்கிறது. நம் சட்டத்தில் இதற்கு ஒரு வரி போதும்.

நிறுவனங்களின் முழுநேரச் சம்பள சட்ட ஆலோசகர்களுக்கு 132-இன் காப்பு இல்லை என்று அமர்வு கூறியது பெருநிறுவனங்களைக் கலங்கவைத்திருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் விஜய் மெட்டல் ஒர்க்ஸ் வழக்கில் எடுத்த தாராளமான நிலைக்கு இது மாறானது. ஆயினும் பார் கவுன்சிலின் 49-ஆம் விதி அவர்களை வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கிவைத்திருக்கையில், இந்த முடிவில் பெரிய பிழை காண்பதற்கில்லை. எனக்குக் கவலை பெருநிறுவனத்தைப் பற்றியதன்று.

செய்தியையே காத்தால் வழக்கறிஞர் அலுவலகம் குற்றவாளிகளின் மறைவிடமாகும் என்ற எதிர்வாதம் கனமானது. பணப் பரிமாற்றக் குற்றங்களில் சட்டக் கருத்து என்ற பெயரிலேயே மோசடிக்குத் திட்டம் வகுக்கப்படுவதுண்டு. அதற்கு விடை காப்பைச் சுருக்குவதில் இல்லை. குற்ற நோக்கத்துக்கான பேச்சுக்குக் காப்பில்லை என்ற விதிவிலக்கை ஒழுங்காகப் பயன்படுத்துவதில் இருக்கிறது. விதிவிலக்கு செய்திக்கும் அப்படியே பொருந்தும். மாறுவது, அதைத் தீர்மானிப்பவர் விசாரணை அதிகாரியா நீதிபதியா என்பது மட்டுமே.

ஆகவே இரண்டு திருத்தங்கள் வேண்டும். 94(3)-இல் சாக்ஷிய அதிநியத்தின் 132 முதல் 134 வரையிலான பிரிவுகள் சேர்க்கப்பட வேண்டும். 132-இல், காப்புள்ள செய்தி எவர் கைக்கு எவ்வழியில் போனாலும், கட்சிக்காரர் சம்மதமோ விதிவிலக்கோ இல்லாமல் சாட்சியமாகாது என்ற உட்பிரிவு வர வேண்டும். ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரத்தை அதிநியத்தின் 165-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே தருகிறது. ஆனால் வழக்கை விசாரிக்கும் நீதிபதியே அதைப் படித்துவிட்டுப் பிறகு ஒதுக்கிவைப்பது மனித இயல்புக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு. முத்திரையிட்ட உறையை அதே வளாகத்தில் உள்ள வேறொரு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் போதும். மாவட்டத் தலைநகரங்களில் அதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.